வாசப்படி

நான் தவசீலன், இருபத்திமூணு வயசு, லிஸ்பன்ல இருக்கேன். இதெல்லாம் சொன்னாத்தான் அக்கா, இந்தப் போன் நான் பேசுறத டைப் பண்ணவே தொடங்குது.

நேத்து எனக்குப் பழங்காலக் கட்டடம், பொருள் எல்லாம் பழுதுபாக்குற லைசென்ஸ் குடுத்துட்டாங்க. இனிமே எந்த நாட்டுலயும் நூறு வருஷம் தாண்டுன எது நேர்லயோ வீடியோவுலயோ என் கண்ணுல பட்டாலும் பதிவு பண்ணியே ஆகணும். பதிவாயிட்டா அதுல ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டாங்க. மறைச்சா லைசென்ஸ் போயிடும், என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க.

நம்ம வீடு நூறைத் தாண்டிருச்சு. "தொரைக்கு வீடியோவுல வீட்டைப் பாக்க நேரமில்லையோ?"ன்னு அப்பா கிண்டல் பண்ணட்டும். அவரு சக்கர நாற்காலி வெளிய போறதுக்கு முதல்ல வாசப்படிய இடிச்சு சரிவு போட்டுடுங்க. அப்புறமா நான் வீட்டைப் பாக்குறேன்.

அதுவரைக்கும் நான் வீடியோவுல வந்தா போனை அப்பா முகத்துக்கிட்டயே பிடி அக்கா. பின்னாடி சுவர் தெரியக் கூடாது.