பட்டியலில் இல்லாத சுருதி

“ரெண்டு பேர் சேர்ந்து பாடணும்னா ஒருத்தராவது...” என்று ரிப்பேர்க்காரர் சூசையா ஏதோ சொல்வார். பின்பாதி டிஜிட்டல் கீபோர்டுக்கு மறந்துவிட்டது.

பாட்டறையில் அதன் பக்கத்தில் பழைய ஆர்மோனியம் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால், சுருதி சேராமல் நடுவே ஒரு வண்டு ரீங்கரிக்கும். “இன்னைக்கும் இப்படின்னா ஆர்மோனியப் பெட்டியைப் பரண்ல ஏத்திடலாம்” என்று சொல்லிவிட்டுப் பாட்டு டீச்சர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“என் சுருதி நொடிக்கு 440 அதிர்வு அண்ணே. உலகமே ஒத்துக்கிட்ட எண்” என்றது கீபோர்டு.

“உலகமா தம்பி நம்மகூடப் பாட வருது?” ஆர்மோனியம் சிரித்தது. சிரிப்பில் பாதி இருமல்.

கீபோர்டு தன் நினைவுக்குள் இறங்கியது. அங்கே பழைய நகரங்களின் சுருதிகள் விளக்கேற்றிய படகுகளாய் மிதந்தன. மெழுகுவத்தி மண்டபங்களின் 415ஐ எடுத்துப் பார்த்தது, ரொம்பத் தாழ்வு. இன்னொரு தேசத்தின் 435. அதுவும் கொஞ்சம் தாழ்வு. அண்ணனின் சுருதிக்கு எந்த ராஜாங்கமும் பெயர் வைத்திருக்கவில்லை.

“ஒரு ‘ஸ’ பிடிங்க அண்ணே.”

ஆர்மோனியம் பிடித்தது. கீபோர்டு பட்டியலை மூடிவிட்டு, 440இலிருந்து ஒவ்வோர் எண்ணாய் இறங்கிக்கொண்டே காதுகொடுத்தது. வண்டின் ரீங்காரம் மெல்ல மெல்ல நீண்டு, 437இல் உறங்கிப்போனது.

“காந்தார ஸ்வரம் மட்டும் சேராது தம்பி. அதோட பித்தளை ரீடு தளர்ந்து, சுருதி இறங்கிப்போச்சு.”

வாசலில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது.

கீபோர்டு 437ஐயே தன் சுருதியாக வைத்துக்கொண்டு, காந்தாரத்தை மட்டும் அண்ணனுக்கு ஏற்ப இன்னும் ஒரு நூலளவு இறக்கிக்கொண்டது.