டோர்ச் பற்றரி

புகைப்பதை விட்டுவிடுவதாகக் கோயிலில் தவபாலனைச் சத்தியம் செய்யவைத்தவள் மனைவி சுகந்தினிதான். இன்று அம்மருட் வீட்டில், துவைப்பதற்காக அவனுடைய ஜாக்கெட்டை உதறியபோது கதவுத் திறப்புக் கொத்தோடு ஒரு தடித்த பற்றரியும் விழுந்தது.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

மின்சிகரெட்டுக்கு என்று எப்படிச் சொல்வான்?

"டோர்ச்சுக்கு. அம்மருட் இருட்டெல்லே!"

"அதுக்காகத் திறப்போட சேர்த்து பொக்கற்றில போடுறதே? லிதியமப்பா! உறையும் கிழிஞ்சிருக்கு. திறப்பு முட்டினால் நெருப்புப் பத்தும். வேறை வாங்குங்கோ."

தப்பித்தேன் என்று தவபாலன் மூச்சு விட்டான்.

சுகந்தினி தன் கைப்பையிலிருந்து ஒரு பற்றரிப் பெட்டியை எடுத்து நீட்டினாள். "புதுசை இதில வையுங்கோ. என்னட்டை இன்னொண்டு இருக்கு."

திறந்தான். அவன் இழுக்கும் மின்சிகரெட் புதினா வாசம். பெட்டியில் மாம்பழம் மணத்தது.

"உம்மட்டையும் டோர்ச் இருக்கோ?"

"ஓமப்பா," என்றாள். "அம்மருட் இருட்டெல்லே!"