பேட்டரிக்கு முன்பே

உப்பளத்து ஓரம் இன்ஜின் செத்து நிற்கும் வேன்தான் அந்த வயதான தம்பதியின் வீடு. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை திருப்பியனுப்பிய ஆவுடையம்மாளுக்கு முகத்தில் மின்விசிறிக் காற்று பட்டால்தான் மூச்சு கொஞ்சம் அடங்கும். மெக்கானிக் எபநேசர் வளையும் சோலார் தகட்டைக் கூரையில் ஒட்டிவிட்டு இறங்குவதற்குள், முதலில் இணைக்க வேண்டிய பேட்டரியை இணைக்கும் முன்பே, தகட்டின் வயரை மின்சாரத்தைச் சீராக்கும் கன்ட்ரோலரில் செருகிவிட்டார் கணவர் உலகநாதன். கன்ட்ரோலர் கருகியது.

“நாந்தான் கெடுத்தேனா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி, கடையில தந்த பீஸே கோளாறு” என்று பொய் சொன்னான், ஜெபம் தவறாத எபநேசர்.

“கல்யாணத்தன்னைக்கும் இவுகளுக்கு இதே அவசரந்தான்” என்று சிரிக்கப் பார்த்தாள் ஆவுடையம்மாள். மூச்சு அடைத்தது.

எபநேசர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அவளுக்கு விசிறத் தொடங்கினான். “டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. வார வரைக்கும் வீசுதேன்.”

போய்த் திரும்ப மறுநாளாகும். உலகநாதன் எழுந்தார். ஆவுடையம்மாள் அவர் சட்டை நுனியை விடவில்லை.