கடைசியாக வருபவர் மூட வேண்டும்

ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊர்ப் பக்கத்துச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரே சட்டம்தான். ஆட்டுப் பண்ணைகளின் கேட்டை முதலில் வருபவர் திறக்க வேண்டும், கடைசியாக வருபவர் மூட வேண்டும். ஒரு ஆடு வெளியேறினால் போதும், பண்ணைக்காரர் பாதையையே அடைத்துவிடுவார்.

மெர்ரினும் அவள் கணவன் கெவனும் பாழடைந்த செம்புச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன மெர்ரின் கேட்டுகளைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் பின்னால் சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.

"என்ன அதிசயம், சோம்பேறி இன்னைக்கு ஒழுங்கா இறங்கி மூடுறே?" என்று சீண்டினாள்.

"நான் எங்க இறங்கினேன்? எனக்குப் பின்னால வர்றவங்கதான் மூடுறாங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சுரங்கத்துப் புகைபோக்கி வரைக்கும் பாதை வெறுமையாகக் கிடந்தது.

தார்ச்சாலையை ஒட்டிய கடைசிக் கேட்டை மெர்ரின் திறந்தாள். கெவன் வெளியே வந்தான். அவள் மூடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மூடு, போலாம்."

"இரு, அவங்க இன்னும் வரலையே." பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்.

சரளைக்கல் நெரிபடும் சத்தம் மேட்டிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அவளைத் தாண்டி, கெவன் பக்கத்தில் போய் நின்றது.

மெர்ரின் கேட்டை மூடிச் சங்கிலியை மாட்டினாள். கெவன் தன் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான்.