ஞாயிற்றுக்கிழமை தோஃபு

சோயாப் பாலில் செய்த தோஃபுக் கட்டியைத் துணியில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியையும் ஏற்றி வைத்தார் ஷார்ல். அரை மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க வடிந்துவிட வேண்டும். அப்போதுதான் தோஃபு எண்ணெயில் மொறுமொறுப்பாக வரும் என்பது மகள் லேயாவின் கட்டளை.

பெட்டியை ஏற்றி அரை மணி ஆகிவிட்டது. சாயங்காலம் மணி ஆறடிக்க ஐந்து நிமிடம். கார்ட்லெஸ் ஃபோனை அடுப்பு மேடை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்த மனுஷன், எதற்கும் முன்கூட்டியே தயாராகிவிடுவார்.

மனைவி லுயீஸ் கண்ணை மூடி ஆறு வருஷம். பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நாலு அறை வீடு, அதில் இவர் ஒண்டியாள். பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கும் லேயா ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். "நல்லா இருக்கீங்களா", "மாத்திரை போட்டீங்களா", "அங்க மழையா" என்று மூன்றே நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். ஃபோனை வைத்ததும் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடும்.

அப்புறம்தான் லேயா மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டாள். "தெருமுனை சீனாக்காரன் கடைப் பார்சல் மாதிரியே வீட்டுல தோஃபு செய்யறேன் பப்பா" என்றாள். எப்படிம்மா என்று இவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைக்க, அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினாள்.

ஷார்லுக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். "நானும் மீன விட்டுட்டேம்மா. இனிமே ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு" என்று அளந்துவிட்டார்.

ஒன்றரை வருஷமாக நடக்கிறது இந்தக் கூத்து. பாண்டிச்சேரிக்காரர் மீனை விடுவதாவது! திங்கள் முதல் சனி வரை பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளின் கைப்பக்குவத்தில் சங்கரா, வஞ்சிரம் என்று ஒரு கை பார்ப்பார். ஞாயிறு மட்டும், வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடையைத் தேடிப்போய் வாங்கிவந்த தோஃபு. ரப்பரை மெல்வது போலத்தான் இருக்கும், ஆனாலும் விழுங்கிவிடுவார். விஷயம் தெரிந்துபோனால் மறுபடியும் மூன்று நிமிடம்தானே?

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தண்ணி வடிஞ்சுதா பப்பா?"

"சொட்டு இல்ல. துண்டு போட வேண்டியதுதான்."

"போட்டு, சோள மாவுல பொரட்டி எண்ணெயில விடுங்க. நானும் இங்க போடறேன்."

இங்கே வாணலி சடசடவென்று பொரிந்தது. லேயா பக்கமிருந்து காகிதம் புரட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அங்கே கரண்ட் அடுப்பு, சத்தமே வராது போலிருக்கிறது என்று எப்போதும்போல நினைத்துக்கொண்டார்.

"அடுத்து பூண்டு, இஞ்சி, காஞ்ச மொளகா. அப்புறம் சோயா சாஸ், வினிகர், ஒரு ஸ்பூன் சக்கர. கடைசியில கரைச்ச சோள மாவு" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். சாஸ் கெட்டியாகி, பளபளவென்று துண்டுகளில் ஒட்டிக்கொண்டது. பார்வைக்கு அசல் கடைப் பார்சல்தான்.

"வாயில போட்டுப் பாத்து சொல்லுங்க."

"பிரமாதம்மா!" என்றார், துண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கியபடி. "உனக்கு எப்படி வந்துருக்கு?"

"ம்... வந்துருக்கு. உங்களுக்குக் காரம் போதுமா?"

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு படாரென்று திறந்தது. ஞாயிறு ஆறு மணிக்கு மேல் தலைகாட்டவே கூடாது என்று செல்வாம்பாளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேண்ணே, அதான் வஞ்சிரத்த இன்னிக்கே வறுத்துட்டேன். நேத்து குடுத்த சங்கராக் கொழம்பு காலியா? சட்டிய எடுத்துக்கறேன்!" அவள் சாதாரணமாகப் பேசினாலே மூலக்குளம் வரைக்கும் கேட்கும்.

ஷார்ல் இரண்டு கையாலும் ஜாடை காட்டினார். அதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. செல்வாம்பாள் ஒன்றும் புரியாமல் மீன் தட்டை மேடையில் வைத்துவிட்டு, சட்டியோடு போய்விட்டாள்.

ஷார்ல் ஃபோனைக் கையில் எடுத்தார்.

"லேயா... இருக்கியாம்மா?"

பெற்ற மகளிடம் இந்த அறுபத்தெட்டு வயதில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதோ, இந்த நிமிடம் ஃபோனை வைத்துவிடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் என்ன வித்தியாசம்?

"பொய் சொல்லிட்டேம்மா. நான் மீன விடவே இல்ல. இந்தத் தோஃபு எனக்குப் புடிக்கவும் இல்ல" என்றார். "ஆனா இதச் செய்யறப்பதான் நீ எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசற. அதக் கெடுத்துக்க மனசு வரல."

லேயா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பப்பா... அந்த வஞ்சிரம் நடுத்துண்டா?"

"ஆமாம்மா. ஏன் கேக்குற?"

"நான் தாளப் பாத்துதான் ஒப்பிக்கறேன் பப்பா. இங்க நான் ஒரு வருஷமா ஐஸ் மீனுதான் தின்னுட்டு இருக்கேன்."