மாறிப்போன மாத்திரை

மருமகள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல், வெயில் படுகிற இடத்தில், இரண்டு மாத்திரைப் பெட்டிகள். இரண்டும் ஒரே நீலம், மில்லிகிராம் எண் மட்டும்தான் வேறு. இதய நோய்க்காரர் ஒருவருக்கு நான்கு மடங்கு வீரியமுள்ளதைக் கொடுத்தனுப்பி அரை மணி நேரமாகிறது. கடையின் சொந்தக்காரரான மாமனார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளருகே வந்து நிற்கிறார். காலையில் கடை திறந்ததும் இருவரும் சேர்ந்துதான் ஜெபித்தார்கள்.

"போனை வை. விஷயம் வெளிய தெரிஞ்சா கடைக்குப் பூட்டுதான். உன் லைசென்ஸும் போயிடும்."

"போகட்டும் மாமா. கொடுத்தது நான்தானே."

அவர் குரல் இறங்குகிறது. "ஒண்ணும் ஆகாதும்மா. ஆண்டவர் பாத்துக்குவார்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கார் மாமா."

மணி அடித்து ஓய்கிறது. அவள் மறுபடியும் அதே எண்ணை அழுத்துகிறாள். அவசரத்தில் ஓர் இலக்கம் தவறிவிடுகிறது. அழித்துவிட்டு முதலிலிருந்து அழுத்துகிறாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைகின்றன. மாமனார் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி போனையே பார்க்கிறார். ஒருவழியாக, "யாரு?" என்கிறது இருமல் கலந்த குரல்.

"ஐயா, மருந்துக்கடையிலேர்ந்து பேசுறேன். மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். போட்டுட்டீங்களா?"

மறுமுனையில் மாத்திரை அட்டை சரசரக்கிறது.

"கையிலதான்மா இருக்கு. தண்ணி எடுக்கத்தான் எழுந்தேன்."

"போட்டுடாதீங்க ஐயா. இதோ வரேன்." போனை வைத்ததும் மேசைமேலிருந்து சரியான மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொள்கிறாள். மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடுகிறார்.

"இரு, நானும் வரேன்."