வெள்ளை உருண்டை

கணவன் போ-ஷியாங் வெளியூர் போயிருந்த நேரம். தூசி தட்டிய சூ-யுன், அவன் ஆசையாய் வளர்க்கும் பெரிய சிலந்தியின் கண்ணாடிப் பெட்டியை இடித்துவிட்டாள். மிரண்ட சிலந்தி, அணைத்திருந்த வெள்ளை முட்டைப்பையைப் பிய்த்து எறிந்தது. பார்க்கத் தைரியமில்லாமல் அதை அள்ளிக் குப்பையில் போட்டவள், பதிலுக்குப் பஞ்சை உருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். மனசு கேட்கவில்லை, பரிகாரம்போல் வீட்டையே கழுவித் துடைத்து ஒழுங்குபடுத்தினாள்.

அவன் தைனான் வீட்டுக்குத் திரும்பியதும், நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டாள். "பாவி நான், மொத்தக் குஞ்சையும் கொன்னுட்டேன்!"

"அசடு! நீ தூக்கிப் போட்டியே, அதுவும் பஞ்சுதான். மிரண்டா தன் முட்டையையே தின்னுடும்னு நிஜத்தை ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"எங்கே வெச்சே?"

"கதகதப்பா, கம்பளி அலமாரியில."

கதவைத் திறந்தான். குளிர்காலம் முடிந்ததென்று, கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்க, வீட்டை ஒழுங்குபடுத்தியபோது அவள் கைநிறைய அள்ளிப் போட்டிருந்த பாச்சை உருண்டையின் நெடி குப்பென்று அடித்தது.